தேம்ஸ் தென்கரையில் இரண்டு நாள், ஒரே ஒரு நாடகச் சீட்டு

மாயவரத்திலிருந்து அத்தை வருவது உறுதியானவுடன், பர்மிங்காமில் எங்கள் வீட்டில் முதலில் எழுந்த பேச்சு, லண்டனை அவருக்கு எப்படிக் காட்டுவது என்பதுதான். எழுபத்தொரு வயது, வலது முழங்கால் படியேற மறுக்கும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சுருக்கக் கதைகளாக ஆண்டு தவறாமல் பாடம் சொன்னவர், அவற்றில் ஒன்றையேனும் மேடையில் பார்த்ததில்லை. கையில் இருந்ததோ ஒரு சனியும் ஒரு ஞாயிறும். அரண்மனை வாசல், மெழுகுச் சிலைகள், டவர் பாலம் என்று வீட்டில் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

காரணம், மூன்றாண்டுகளுக்கு முன் நண்பர்களோடு போய் வந்த பயணம். இரண்டு நாளில் பதினோரு இடங்கள் என்று திட்டமிட்டு, பெரும்பாலான நேரத்தை வரிசைகளிலும் சுரங்க ரயிலிலுமே கழித்தோம். ஆறு தெரியும் அறை என்று விளம்பரத்தில் படித்து முன்பதிவு செய்த விடுதியின் சன்னலைத் திறந்தால் ரயில்வே மேம்பாலம் நின்றது. அதன் வளைவுக்குக் கீழே கண்ணை இடுக்கிப் பார்த்தபோது, விரற்கடை அகலத்துக்கு ஏதோ பளபளத்தது. அதுதான் தேம்ஸ் என்று நண்பன் சாதித்தான். இந்த முறை ஒரே ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு, அதைவிட்டு நகருவதில்லை என்று முடிவு செய்தேன். வாட்டர்லூ பாலத்திலிருந்து லண்டன் பாலம் வரை, தேம்ஸின் தென்கரையோரமாக ஓடும் நடைபாதை: தூரம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், மேடு பள்ளம் இல்லை, வண்டிப் போக்குவரத்தும் இல்லை.

இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறுகிய பயணத்தை வகுக்கும்போது பார்க்க வேண்டிய இடங்களைத்தான் எல்லோரும் முதலில் எண்ணுகிறோம்; வயதானவரோடு போகிறவர்கள் உட்காரும் இடங்களையும் கழிப்பறைகளையும் முதலில் எண்ண வேண்டும். நம் ஊரில் வழிப்போக்கருக்குத் திண்ணை இருந்ததுபோல, இந்தத் தென்கரையில் சீட்டு வாங்காதவரும் உள்ளே நுழைந்து, நாற்காலியில் அமர்ந்து, யாரும் எழுப்பாமல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போகக்கூடிய பெரிய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. ராயல் ஃபெஸ்டிவல் ஹால், நேஷனல் தியேட்டர், டேட் மாடர்ன் என்று மூன்றுக்கும் இடையே நிதானமாக நடந்தாலும் கால் மணி, அரை மணிக்குமேல் ஆகாது. என் திட்டம் முழுவதும் இந்த மூன்று திண்ணைகளை வைத்தே எழுந்தது.

காசு கொடுத்து முன்பதிவு செய்தது ஒன்றே ஒன்று: சனிக்கிழமை மாலை ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் நாடகம். இரண்டு நாளில் நேரம் குறித்த நிகழ்ச்சி ஒன்றுக்குமேல் இருந்தால், நடுவில் இருக்கும் பொழுதெல்லாம் அடுத்ததற்கு ஓடுவதிலேயே போய்விடும் என்பது என் பழைய பயணம் கற்றுத் தந்த பாடம். சீட்டை வாங்கிய பிறகு நான் பார்த்தது, லண்டன் துறைமுக ஆணையம் வெளியிடும் ஓத அட்டவணையை, அதாவது கடலோடு சேர்ந்து ஆற்று நீர் ஏறி இறங்கும் நேரக் கணக்கை. இதைச் சொன்னபோது வீட்டில் சிரித்தார்கள். ஆனால் தேம்ஸ் இந்த நகரத்துக்குள் கடலுக்குக் கட்டுப்பட்ட ஆறு. லண்டன் பாலத்தருகே தாழ் ஓதத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் 7 மீட்டர் வரை மாறக்கூடும். ஒரு தாழ் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் என்பதால், நாள்தோறும் நேரம் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிக்கொண்டே போகும். நாங்கள் போன சனிக்கிழமை நண்பகலில் தாழ் ஓதம், மாலை ஆறு மணியையொட்டி உயர் ஓதம். இதைவிடப் பொருத்தமான நாளை நானே கேட்டு வாங்கியிருக்க முடியாது.

யூஸ்டன் நிலையத்தில் இறங்கியதும் சுரங்க ரயிலைத் தவிர்த்து, 68ஆம் எண் பேருந்தில் ஏறினோம். சுரங்கத்தில் சீக்கிரம் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் வாட்டர்லூ பாலத்தின்மேல் பேருந்து திரும்பும் அந்த ஒரு நிமிடத்தில், ஒரு பக்கம் நாடாளுமன்றமும் மறுபக்கம் செயின்ட் பால் பேராலயமும் ஒருசேரத் தெரிவதை, தரைக்குக் கீழே போகிறவர் இழந்துவிடுகிறார். ஆறு அந்த இடத்தில் வளைவதால்தான் இந்தக் காட்சி வாய்க்கிறது. பாலத்தை வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவரும் அவர்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, இதன் கட்டுமான வேலையில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டார்கள்; படகோட்டிகள் இதைப் பெண்கள் பாலம் என்றே சொல்லிவந்தார்கள். 1945இல் முறைப்படி திறந்து வைத்தபோது அந்தப் பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை என்று நான் சொன்னதும், அத்தை, "எந்த ஊர்லதான் வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரைக்கு இறங்கியதும் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே பழுப்பு மணலும், கூழாங்கல்லும், பாசி படிந்த சுவரும். நீர் தொலைவில் ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏண்டா தம்பி, ஆறு எங்கேடா போச்சு?"

"கடலுக்குப் போயிருக்கு அத்தை. சாயங்காலம் திரும்பி வந்துடும்."

துலாக்கட்டத்தில் படி இறங்கிக் காவிரியில் முழுக்குப் போட்டே வளர்ந்தவர் அவர். மேட்டூரில் திறந்தால்தான் மாயவரத்துக்குத் தண்ணீர் என்ற கணக்கு அவருக்கு மனப்பாடம். ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடக்கும் ஆற்றையும் பார்த்தவர். ஒரே நாளில் இரண்டு முறை வற்றி இரண்டு முறை நிறையும் ஆறு அவருக்குப் புதிது. கேப்ரியல்ஸ் வார்ஃப் அருகே தாழ் ஓத நேரத்தில் வெளிப்படும் மணற்பரப்பில், சிறுவர்கள் வாளியும் கையுமாக விளையாடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மணலில் பழைய களிமண் புகைக்குழாய்த் துண்டுகளும், ஓட்டுச் சில்லுகளும், விலங்கெலும்புகளும் கிடக்கும். ஆனால் தேடவோ எடுக்கவோ துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதைப் போகிறவர்கள் மறக்க வேண்டாம். வெள்ளம் ஏறத் தொடங்கினால் விறுவிறுவென்று ஏறும் என்பதையும்.

முதல் திண்ணை ராயல் ஃபெஸ்டிவல் ஹால். போரில் குண்டுவீச்சுக்கு ஆளான இந்தக் கரையில் 1951இல் பிரிட்டன் விழா நடந்தது; அதற்காக எழுப்பிய கட்டடங்களில் பெரும்பாலானவை விழா முடிந்ததும் இடிக்கப்பட, இது மட்டும் நிலைத்தது. பக்கத்தில் ரயில் பாலம் இருப்பதால், அதன் இரைச்சல் கச்சேரிக்குள் புகாதபடி, அரங்கத்தைத் தரையிலிருந்து தூக்கி, பெட்டிக்குள் முட்டையை வைத்ததுபோல நடுவில் வைத்திருக்கிறார்கள். அப்படித் தூக்கியதால் அடியில் கிடைத்த பரந்த முன்கூடத்தை 1983 முதல் பகல் முழுவதும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மடிக்கணினியோடு மாணவர்கள், வண்டியில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் தாய்மார்கள், வெறுமனே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதியவர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. எங்களை யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

இங்கே ஐந்தாம் தளத்தில் தேசியக் கவிதை நூலகம் இருக்கிறது. 1953இல் தொடங்கியது, கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. அதற்குப் போகும் கண்ணாடி மின்தூக்கியைத்தான் நான் அத்தைக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருந்தேன். கதவு மூடி மேலே கிளம்பியதும், கூரையிலிருந்து பாடகர் குழுவின் குரல்கள் ஒலிக்கத் தொடங்கும். மின்தூக்கி ஏற ஏறக் குரலும் சுருதி ஏறி, ஒவ்வொரு தளத்தின் எண்ணையும் பாடியே அறிவிக்கும். இறங்கும்போது அதேபோலக் கீழே இறங்கும். அத்தை முதலில் பின்னால் திரும்பி யார் பாடுகிறார்கள் என்று பார்த்தார். இரண்டாம் தளத்தைத் தாண்டியபோது தொடையில் விரல் தட்ட ஆரம்பித்தார். ஐந்தாம் தளத்தில் கதவு திறந்ததும் வெளியே காலெடுத்து வைக்காமல், "ஆரோகணம் கேட்டாச்சு, அவரோகணம் கேக்க வேண்டாமா?" என்றார். ஆகவே கீழே போய், மறுபடி மேலே வந்துதான் நூலகத்துக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு மூலை நாற்காலியில் அவர் ஒன்றேகால் மணி நேரம் அமர்ந்து படித்ததால், அருகிலிருக்கும் ஹேவர்ட் கலைக்கூடத்தை விட்டுவிட்டோம். எனக்கு வருத்தம் இல்லை. இப்படி ஒன்று நடப்பதற்காகத்தானே நேரத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

நேஷனல் தியேட்டரைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்து 1976இல் திறக்கப்பட்ட இந்தக் கான்கிரீட் அடுக்குகளைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் வெகுகாலம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். முன்கூடத்தில் ஒரு தூணருகே அமர்ந்திருந்த அத்தை, அதைத் தடவிப் பார்த்து, "மரமா இது?" என்று கேட்ட பிறகுதான் நானும் கையை வைத்தேன். கான்கிரீட்டை வார்க்கும்போது சுற்றிலும் அடித்த பலகைகளின் ரேகை, முடிச்சு, வெட்டுக் கோடு எல்லாம் அப்படியே கல்லில் பதிந்திருக்கின்றன. தொலைவிலிருந்து பார்த்துத் திட்டப்படும் கட்டடம், கைக்கெட்டும் தூரத்தில் தச்சுப் பட்டறையாக இருக்கிறது.

அங்கிருந்து கிழக்கே நடக்கும்போது, இந்தக் கரையில் சாதாரண மக்கள் இன்னும் குடியிருப்பதன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1970களில் இங்கே பெரிய விடுதியும் அலுவலகக் கோபுரங்களும் கட்டத் திட்டங்கள் வந்தன. குடியிருப்போர் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் 1984இல் அன்றைய லண்டன் பெருநகர மன்றம், 13 ஏக்கர் நிலத்தைக் காயின் ஸ்ட்ரீட் என்ற குடியிருப்போர் அமைப்புக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஆக்ஸோ கோபுரத்தில்கூடக் கூட்டுறவுக் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்தக் கோபுரத்துச் சன்னல்களைப் பார்க்காமல் போகக் கூடாது: விளம்பரப் பலகை வைக்க அனுமதி கிடைக்காததால், வட்டம், பெருக்கல் குறி, வட்டம் என்று சன்னல்களையே எழுத்து வடிவத்தில் அமைத்து, ஆக்ஸோ என்ற இறைச்சிச் சாறுக் கட்டியைத் தயாரித்த நிறுவனம் அதன் பெயரை நான்கு பக்கமும் எழுதிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிட் அடிக்கும் பிள்ளைகளின் மூளை என்று அத்தை மெச்சினார்.

பிளாக்ஃபிரையர்ஸ் அருகே ஆற்றுக்குள் பாலமே இல்லாமல் வரிசையாக நிற்கும் சிவப்புத் தூண்கள், 1985இல் மேல்தளத்தைக் கழற்றிவிட்ட பழைய ரயில் பாலத்தின் மிச்சம். அவற்றைப் பார்த்தவாறு ஒரு பெஞ்சில் அமர்ந்து, வாழையிலைக்கு வழியில்லாமல் அலுமினியத் தாளில் மடித்துக் கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். இந்தக் கரையில் உணவகங்கள் ஏராளம். சனிக்கிழமை மதியம் அவற்றில் இடம் கிடைப்பதுதான் அரிது.

டேட் மாடர்ன் ஒரு காலத்து மின்நிலையம். இதையும் வடிவமைத்தவர் வாட்டர்லூ பாலத்தின் ஸ்காட்தான். எண்ணெயில் இயங்கிய இந்த நிலையம் 1981இல் மூடப்பட்டு, 2000இல் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. 99 மீட்டர் உயரப் புகைபோக்கி, எதிர்க்கரையில் 111 மீட்டர் நிற்கும் செயின்ட் பால் பேராலயத்தைவிடத் தாழ்ந்தே இருக்கிறது. டர்பைன்கள் ஓடிய கூடம் 152 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் கொண்டது. சரிவுப் பாதை வழியே உள்ளே இறங்கும்போது அத்தை செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறவர்போலத் தயங்கி நின்றார். நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் இரண்டு அறைகளை மட்டும் பார்த்தோம். அதில் ஒன்று அவருக்குப் பிடித்தது. மற்றொன்றை, நாகரிகமாகச் சொன்னால், பிடிக்கவில்லை.

வாசலிலிருந்தே தொடங்கும் மிலேனியம் பாலத்தில் பாதி தூரம் போய்த் திரும்பினோம். 2000 ஜூன் 10 அன்று திறந்து, இரண்டே நாளில் மூடிய பாலம் இது. மக்கள் கூட்டமாக நடந்து போனபோது பாலம் சற்றே பக்கவாட்டில் ஆட, விழாமலிருக்க எல்லோரும் அந்த ஆட்டத்துக்கேற்ப அடி வைக்க, ஒத்த அடிகளால் ஆட்டம் மேலும் பெருகியது. அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். இதே பாலத்தில் 2023இல் பராமரிப்பு வேலை நடந்தபோது, கீழே படகுகளுக்கான உயரம் குறைந்திருப்பதை எச்சரிக்க, பழைய விதிப்படி ஒரு வைக்கோல் கட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். நாங்கள் நின்ற நேரத்தில் வைக்கோல் இல்லை. ஆனால் ஆறு திரும்பி வந்திருந்தது. காலையில் மணலாகக் கிடந்த இடத்தில் கரைச் சுவரை அலை அடித்துக்கொண்டிருக்க, மாலை வெயில் பேராலயத்தின் குவிமாடத்தில் படிந்திருந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது இந்த ஊருக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது: வடகரையின் அழகு முழுதாகத் தெரிவது தென்கரையிலிருந்துதான்.

நாடகம் ஏன் இந்தக் கரைக்கு வந்தது என்பதையும் அத்தையிடம் அங்கேதான் சொன்னேன். லண்டன் நகர ஆட்சியாளர்களின் அதிகாரம் செல்லாத பகுதியாக இது இருந்ததால், நகரம் வேண்டாமென்று ஒதுக்கியதெல்லாம் ஆற்றைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தது: கரடிச் சண்டை, விலைமகளிர் இல்லங்கள், சிறை, நாடகக் கொட்டகை. வேடிக்கை என்னவென்றால், இங்கே பெரும்பகுதி நிலத்துக்கு உரிமையாளர் வின்செஸ்டர் ஆயர். ரோஸ் அரங்கு 1587இலும், குளோப் 1599இலும் எழுந்தன. 1613இல் எட்டாம் ஹென்றியைப் பற்றிய நாடகத்தின்போது சுட்ட பீரங்கியின் பொறி கூரைப் புல்லில் விழுந்து குளோப் எரிந்து போனது. ஒருவரின் காற்சட்டையில் பற்றிய தீயை மதுவை ஊற்றி அணைத்ததாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது.

இன்றைய குளோப், அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் 1970இல் தொடங்கிய முயற்சியின் பலன். 1993இல் அவர் மறைந்தார், 1997இல் அரங்கு திறந்தது. பழைய இடம் இருநூறு மீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கிறது. கருவாலி மரச் சட்டங்களும் புல் வேய்ந்த கூரையும் கொண்ட இந்த அரங்கின் நடுமுற்றத்துக்கு மேலே வானம்தான். முற்றத்தில் சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம். அந்தச் சீட்டுதான் மிக மலிவு. ஆனால் நாடகம் முடியும்வரை உட்காரக் கூடாது, குடையும் விரிக்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. கீழ்த்தள மாடத்தில் இடம் வாங்குவதே நல்லது. அதிலும் மேடைக்கு நேரெதிரே வாங்க வேண்டும், பக்கவாட்டில் அமர்ந்தால் மேடையின் இரண்டு பெரிய தூண்கள் பாதிக் காட்சியை விழுங்கிவிடும். மரப் பெஞ்சுக்கு மெத்தை வாடகைக்குத் தருகிறார்கள், யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் காட்சி தொடங்கிக் கால் மணி நேரத்தில் தூறல் விழுந்தது. முற்றத்தில் நின்றவர்கள் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, அசையாமல் நின்றார்கள். "நம்ம டூரிங் டாக்கீஸ்ல தரை டிக்கெட் மாதிரிதாண்டா இது. அங்கே மணலைக் குவிச்சு உக்காரவாவது விடுவான்," என்று அத்தை என் காதில் சொன்னார். அதற்குப் பிறகு இடைவேளைவரை பேசவில்லை. சில இடங்களில் நடிகர் பேசும் முன்பே அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ வகுப்புகளுக்கு எழுதிப் போட்ட வரிகளாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை திட்டம் சிறியது. காலையில் சதர்க் பேராலயம். எழுதுவது ஒன்று, உச்சரிப்பது மற்றொன்று என்று ஆங்கில ஆசிரியை அந்தப் பெயரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். 1607 நவம்பரில் ஜான் ஹார்வர்டுக்கு இங்கே திருமுழுக்கு நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் கடைசி நாளில் ஷேக்ஸ்பியரின் தம்பி எட்மண்டை இங்கே அடக்கம் செய்தார்கள். பின்னாளில் அமெரிக்காவில் அந்தக் கல்லூரிக்குத் தன் சொத்தில் பாதியையும் நூல்களையும் விட்டுச் சென்ற ஹார்வர்டுதான் அவர் என்றதும், தமிழ் இருக்கைக்குத் தானும் ஐந்நூறு ரூபாய் அனுப்பியதை நினைவுபடுத்தி, பேராலயத்துக்குள் ஹார்வர்டின் பெயரிலுள்ள சிற்றாலயத்தில் சற்று உரிமையோடு நடந்தார். பாடகர் குழுவின் வழிபாட்டைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால் வாசலிலேயே பரோ சந்தை. ரயில் வளைவுகளுக்கு அடியில், பாலாடைக்கட்டியும் ரொட்டியும் மீனும் கலந்த வாசனையில், தோளோடு தோள் உரசும் கூட்டம். கறிவேப்பிலை விலையைப் பார்த்துவிட்டு அத்தை அங்கே அதிக நேரம் நிற்க விரும்பவில்லை. சந்தையும் கவிதை நூலகமும் திங்கட்கிழமை இயங்குவதில்லை என்பதால், ஞாயிறு திங்கள் என்று திட்டமிடுகிறவர்கள் நாளை மாற்றிக்கொள்வது நல்லது.

தங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ஆற்றங்கரையில் அறை தேட வேண்டாம், விலை இரட்டிப்பு. வாட்டர்லூவுக்குத் தெற்கே பத்து நிமிட நடையில், மின்தூக்கி உண்டா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு எடுத்தோம். ஆறு தெரியாத அறை. விளம்பரத்திலும் அப்படிச் சொல்லவில்லை.

வரும் ஜூலையில் சித்தி வருகிறார். அந்தச் சனிக்கிழமைக்கு அத்தையே மாயவரத்திலிருந்து திட்டம் அனுப்பியிருக்கிறார். மின்தூக்கி இரண்டு முறை, நூலகம் ஒரு மணி நேரம், மெத்தை மறக்கக் கூடாது. தாழ் ஓதம் எத்தனை மணிக்கு என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். மாலை நான்கரை என்று எழுதியிருக்கிறேன். இந்த முறை நூலகத்தை முன்னால் வைத்துவிட்டு மணலுக்குப் பிறகு போக வேண்டும்.